நிறுத்தாமல் கட்டிய கடிகாரம்

நாலாவது பெட்டியைத் திறந்த பிறகும் டம்ளர் கிடைக்கவில்லை. மேலே பச்சைக் கம்பளி நூற்கண்டுகள் இருந்தன. அவற்றுக்கு அடியில் தலையணை அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை. அதன் வயிற்றுக்குள் பாப்பா கையை விட்டுத் துழாவியபோது உப்பு ஜாடி தட்டுப்பட்டது. எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கரண்டி, டீ வடிகட்டி, மூடியில்லாத ஒரு டப்பா எல்லாம் நூல் சுற்றிய கோலத்தில், பாதி தூக்கத்தில் எழுப்பப்பட்டவை போல உட்கார்ந்திருந்தன.

"என்ன அத்தை இது? சமையல் சாமானெல்லாம் நூலுக்குள்ள இருக்கு?" என்றான் அண்ணியின் மகன். வெளியூரிலிருந்து மனைவியோடு சற்று முன்புதான் வந்திருந்தான். மூன்று மாடி ஏறிய மூச்சு அவனுக்கு இன்னும் அடங்கவில்லை.

"நானா போட்டேன்? உங்கம்மா போட்டது. பழைய பேப்பர் வாங்கிட்டு வரேன், அதுல சுத்திக் கட்டலாம்னுதான் சொன்னேன். 'நம்மகிட்ட இல்லாத கம்பளியா, பேப்பர் எதுக்கு'ன்னுட்டாங்க."

"சரி, எது எதுல இருக்குன்னாவது தெரியுமா?"

"அவங்களுக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. இருவரும் ஒரே சமயத்தில் உள்ளறைப் பக்கம் பார்த்தார்கள். அந்த வீட்டில் இன்னும் கட்டப்படாத ஒரே சாமான் கட்டில். அதில் அண்ணி படுத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் கட்டிக்கொண்டிருந்த அதே சாம்பல் நிறப் புடவை. வலது கைக் கட்டைவிரலில் நூல் உரசிய சிவப்புக்கோடு இன்னும் மாறவில்லை.

அறுபதைத் தாண்டிய பாப்பாவுக்கு அந்தப் பெயரை வைத்தவள் அண்ணிதான். கல்யாணமாகி வந்த அன்று, கவுன் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த கணவனின் தங்கையை "இங்க வா பாப்பா" என்று கூப்பிட்டாள். அதன் பிறகு மாற்றிக் கூப்பிட அவளுக்குத் தோன்றவேயில்லை. அண்ணன் போனார். மகன் வேலைக்காக வெளியூர் போனான். பாப்பா கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். பள்ளிக்கூட அறிவியல் கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவைக்கும் வேலை, ஓய்வு பெறும்வரை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எலியும் பூனையும் என்று ஊர் சொல்லும். இவர்கள் வீட்டில் எலி எது பூனை எது என்பதே தினம் மாறிக்கொண்டிருந்தது. அதனால் வண்டி ஓடியது.

மாடிப்படி அண்ணிக்கு ஆகவில்லை. மூச்சு வாங்கியது. அதற்காகத்தான் இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். பார்த்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. பார்த்தவள் பாப்பா. இறங்கி ஏற முடியாதென்று அண்ணி கட்டிலில் உட்கார்ந்தபடியே, "சொல்லு" என்றாள். பாப்பா சொன்னாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், குழாய் எங்கே, எந்த அறையில் எப்போது வெயில் விழும் என்று ஒவ்வொரு சாயங்காலமும் சொன்னாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு பின்னல் ஊசியை ஓட்டியபடி அந்த வீட்டுக்குள் நடந்தாள். சில நாளில் பாப்பாவையே திருத்தவும் ஆரம்பித்தாள்.

"அந்த மூலையில அலமாரி வைக்க முடியாது பாப்பா. கதவு இடிக்கும்."

"இடிக்காதுங்க அண்ணி. நான் பாத்தேன்."

"நீ கதவைப் பாத்திருப்பே. அது திறக்கறதைப் பாத்திருக்க மாட்டே."

மறுநாள் போய்ப் பார்த்தால் கதவு இடித்தது.

"சின்னத்தை, டம்ளர் இல்லேன்னா பரவால்ல, கீழ மருந்துக்கடையில கேட்டு வாங்கிட்டு வரேன்" என்றாள் மருமகள். வந்தவர்களுக்கு ஒரு வாய் டீயாவது கொடுக்கவேண்டும். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கட்டியாகிவிட்டது. அதனால் வந்தவர்கள் எல்லாரும் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ரயில் வருமென்று மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருப்பவர்களைப் போல இருந்தது. திறந்த பெட்டிகளிலிருந்து நழுவிய நூல்கள் தரையெல்லாம் ஓடின. வருகிறவர்கள் குனிந்து பார்த்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். யாருடைய காலோடோ போன ஒரு ஆரஞ்சு இழை படிவழியாக இறங்கிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பாப்பாவுக்கு அது கேட்டது. டிக், டிக் என்று, ஏதோ ஒரு பெட்டிக்குள்ளிருந்து.

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். ஏற்கெனவே யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அந்தக் கடிகாரத்துக்காகத்தான் கடைசியாக ஒரு சண்டை நடந்தது. உள்ளங்கை அகலமுள்ள அலாரம் கடிகாரம் அது. முதுகில் இரண்டு சாவி, ஒன்று ஓட்டத்துக்கு, ஒன்று மணிக்கு. அலாரம் நாளுக்கு ஒரு தடவைதான் அடிக்கும். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அடிக்கும்படி வைத்திருந்தவள் பாப்பா. மணி அடிக்காவிட்டால் அண்ணி ஊசியைக் கீழே வைக்கமாட்டாள். இருட்டிலும் விரல் அது பாட்டுக்குப் போகும். அடித்ததும் அதன் தலையில் ஒரு தட்டு தட்டி நிறுத்திவிட்டு, "வந்துட்டாரு அதிகாரி" என்று சொல்லி டீக்கு எழுந்திருப்பாள்.

"ஓடறதை அப்படியே கட்டக்கூடாது அண்ணி. நிறுத்திட்டுக் கட்டணும்" என்றாள் பாப்பா. பள்ளிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கட்டிப் பழகியவள்.

"நிறுத்தக்கூடாது. நின்னுட்டா அப்புறம் மணி என்னன்னு யாரையாவது போய்க் கேக்கணும். புது இடத்துல யாரைத் தெரியும்? ஓடிட்டிருக்கறப்பவே சாவி குடுத்துட்டா யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"லாரியில அதிர்ந்து கெட்டுப்போகும்."

"கம்பளிக்குள்ள இருக்கறதுக்கு லாரியில போறோம்னே தெரியாது."

பாப்பா அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து இரண்டு சாவியையும் அண்ணி திருகும் கிறீச் கிறீச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கடிகாரத்தைக் காணோம். எல்லாப் பெட்டிக்கும் கட்டு விழுந்திருந்தது. பேனாவால் எழுதி ஒட்டலாம் என்று பாப்பா சொன்னதற்கும் அண்ணி சம்மதிக்கவில்லை. 'கண்ணாடி, கவனம்' என்று எழுதினால் தூக்குகிறவன் படிப்பான், படித்தால் கை நடுங்கும், நடுங்கினால் போடுவான் என்றாள். அதனால் நிற நூல். வெயில் வரும் ஜன்னல் அறைக்கு மஞ்சள், சமையலறைக்குப் பச்சை, பாப்பாவின் அறைக்கு நீலம். அந்த நூல், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. எங்கே போகவேண்டும் என்று மட்டும் சொல்லும்.

இன்று காலையில் பாப்பா எழுப்பப் போனபோது அண்ணி எழுந்திருக்கவில்லை. மருத்துவர் வந்து பார்த்தார், தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது என்றார்.

ஆக, அண்ணியின் விரல் கொடுத்த முறுக்கு இந்தப் பெட்டிகளில் ஒன்றுக்குள் இன்னும் அவிழ்ந்துகொண்டிருக்கிறது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நன்றாக ஓடும். அதற்குமேல் கொஞ்சம் ஓடும், அது அதன் மனசு. நிற்பதற்கு முன்னால் அதைக் கண்டுபிடிக்கவேண்டும்.

பாப்பா டம்ளரைத்தான் முதலில் கண்டுபிடித்தாள். அண்ணியைப் போல யோசித்துப் பார்த்ததில் அது கிடைத்தது. டீ போடுவது சமையலறையில். ஆனால் குடிப்பது எங்கே? ஜன்னல் அறையில். மஞ்சள் நூலை அறுத்தாள். பித்தான்கள் நிரம்பிய ஒரு பைக்கும், தும்பிக்கை குட்டையான கம்பளி யானைகளுக்கும் நடுவே டம்ளர்கள் கைக்குழந்தைகளைப் போலப் போர்த்திக்கொண்டு கிடந்தன. அண்ணி பின்னும் யானைகளுக்கெல்லாம் தும்பிக்கை குட்டை. "அது வரைக்கும் வர்றதுக்குள்ள எனக்கு அலுத்துடுது. யானையே கேக்கல, உனக்கென்ன?" என்பாள்.

மருமகள் டம்ளர்களைக் கழுவ எடுத்துப் போனாள். பாப்பா ஒன்றை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டாள். பெட்டியின்மேல் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்தாள்.

டிக், டிக். இருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் வைத்தாள். அதிலும் இருக்கிறது. கம்பளி சத்தத்தை விழுங்கிவிட்டு எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டது. குளத்துக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல, கேட்டது. ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை.

"ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க."

வீட்டுச் சொந்தக்காரர் பதறி எழுந்தார். தாராளமான உடம்புக்காரர். அவர் உட்கார்ந்திருந்த பெட்டி நடுவில் குழிந்திருந்தது. பாப்பா மண்டியிட்டு டம்ளரை வைத்துக் கேட்டுவிட்டு, "இல்ல, உக்காருங்க" என்றாள். அவர் உட்காரவில்லை. "அவசரம் ஒண்ணுமில்லம்மா. புதுசா வர்றவங்ககிட்ட ரெண்டு நாள் கழிச்சு வரச்சொல்லிடறேன்" என்று யாரும் கேட்காததற்குப் பதில் சொல்லிவிட்டு, நூல் தடுக்காமல் சுவரோரமாகப் போய் நின்றார்.

கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள் பாப்பாவின் பக்கத்தில் வந்து குந்தினாள். "என்ன டீச்சர் தேடறீங்க? நகையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் டீச்சர் இல்ல. டீச்சருக்குக் குழாய் கழுவினவ."

"அதான் டீச்சர், என்ன தேடறீங்க?"

"கடிகாரம்."

"தங்கமா?"

"தகரம்."

அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் நல்ல மனசு. தானும் ஒரு பெட்டியில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "எனக்கு என் நெஞ்சுதான் கேக்குது" என்று சொல்லி எழுந்து போனாள்.

மத்தியானம் சாய்ந்தது. ஜன்னல்வழியே வந்த வெளிச்சத்தில் கம்பளித் துகள்கள் மிதந்தன. அவை விழவும் இல்லை, எழவும் இல்லை. வந்தவர்கள் அந்தத் துகள்களுக்கு நடுவே தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது பாப்பாவுக்கு. கை அசைந்தால் அசைவு சற்றுக் கழித்து வந்தது. உள்ளறையில் அண்ணி மட்டும் கரையில் படுத்திருந்தாள்.

மகன் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். மேடை காலியாக இருந்தது. அடுப்பு இருந்த இடத்தில் ஒரு வட்டக் கறை.

"அத்தை, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"தப்பா எடுத்துக்கற மாதிரி சொல்லப்போறேன்னு அர்த்தம். சொல்லு."

"அந்த வீடு இனிமே எதுக்கு? தனியா என்ன பண்ணப்போறீங்க? எங்களோட வந்துடுங்க. உங்களுக்கு ஒரு ரூம் இருக்கு. இவளும் அதைத்தான் சொல்றா." கூடத்துப் பக்கம் கையைக் காட்டினான். "இதெல்லாம் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடலாம். பசங்க கைவேலைக்கு வெச்சுப்பாங்க. நல்ல காரியம்தானே? நாளைக்கு வர்ற லாரிக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

அவன் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அன்பாகத்தான் சொன்னான். பாப்பா மேடையின் வட்டக் கறையை விரலால் தேய்த்தாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக வேறு வேறு வாசலுக்குப் போவதை நினைத்துப் பார்த்தாள். எந்தப் பள்ளிக்கூடத்துப் பரணிலோ, ஒரு நூற்கண்டுக்குள், அது நின்றுபோகும். நின்றது யாருக்கும் தெரியாது.

"இப்ப போன் பண்ணாதே."

"ஏன் அத்தை?"

"கடிகாரம் கிடைக்கட்டும்."

"கடிகாரமா? அத்தை, நான் உங்களுக்கு நல்லதா ஒண்ணு வாங்கித் தரேன்."

"அது எனக்கு வேணும்னு இல்லடா." கூடத்துப் பெட்டிகளைப் பார்த்தாள். "நின்னுடக்கூடாது. அவ்வளவுதான்."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். சின்ன வயதில் சோதனைக் குழாயில் நிறம் மாறுவதை அவள் காட்டியபோது பார்த்த அதே பார்வை. "சரி" என்றான். புரிந்ததா என்று தெரியவில்லை.

பச்சையும் மஞ்சளும் எல்லாம் திறந்தாகிவிட்டது. நீலம் மட்டும் கட்டோடு வாசலருகே அடுக்கியிருந்தது. அவை பாப்பாவின் பெட்டிகள். அண்ணி வேண்டாமென்றும் கேட்காமல், அவள் கையாலேயே பேப்பர் சுற்றி, இடைவெளி இல்லாமல் அடுக்கியவை. அண்ணி நூல் கட்டினதோடு சரி. அவற்றில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

வண்டி வந்துவிட்டது என்று கீழிருந்து குரல் வந்தது.

நாலு பேர் உள்ளே போனார்கள். மகன் தலைமாட்டில் பிடித்தான். கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். மருமகள் முன்னால் போய் நூல்களை வாரி வாரி ஒதுக்கினாள். அண்ணி உள்ளறை வாசலைத் தாண்டியபோது மணி அடித்தது.

கணகணவென்று, கம்பளிக்குள்ளிருந்து, மழுங்கிய குரலில். தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் முகத்தில் பயமே தெரிந்தது.

"அத்தை, அதுதானே?" என்றான் மகன். "போய் எடுங்க. சத்தம் இருக்கறப்பவே எடுத்துடலாம். நாங்க நிக்கறோம்."

பாப்பா பெட்டிகளைப் பார்த்தாள். இப்போது தேடினால் கிடைத்துவிடும். நாலைந்து பெட்டியில் காதை வைத்தால் போதும். அண்ணியைப் பார்த்தாள். மாடிப்படி ஆகாது என்று இத்தனை மாதமாக இறங்காமல் இருந்தவள்.

"படி செங்குத்து. திருப்பத்துல சாய்ச்சுடாதீங்க" என்றாள். "நான் கால் பக்கம் பிடிச்சுக்கறேன். நடங்க."

அவர்கள் இறங்கினார்கள். மேலே மணி அடித்துக்கொண்டே இருந்தது. தலையில் தட்டி நிறுத்த ஆளில்லை. முதல் திருப்பத்தில் நன்றாகக் கேட்டது. இரண்டாவது திருப்பத்தில் சுருதி இறங்கியது. தெருவுக்கு வந்தபோது, ஒவ்வொரு அடியாக இடைவெளி விட்டு, மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்வது போல அடித்து, ஓய்ந்தது. வண்டியின் கதவைச் சாத்தினார்கள். படி இறங்கிவந்திருந்த அந்த ஆரஞ்சு நூல் வாசல் நிலையில் சுற்றிக்கொண்டு காற்றில் ஆடியது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வீடு இன்னும் பெரிதாக இருந்தது. மகனும் மருமகளும் களைப்பில் கூடத்திலேயே படுத்துத் தூங்கிப்போனார்கள். பாப்பா தரையில் உட்கார்ந்து நூல்களைச் சுற்ற ஆரம்பித்தாள். பின்னல் அவளுக்கு வரவே வரவில்லை. அண்ணி எவ்வளவோ சொல்லிக்கொடுத்தும் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று.

"தீர்ந்து போற வரைக்கும் பாத்துட்டிருக்கக் கூடாது பாப்பா. இது ஓடிட்டிருக்கறப்பவே புதுசைச் சேத்துடணும். ரெண்டு இழையும் கொஞ்ச தூரம் ஒண்ணாப் போகட்டும். அப்புறம் பழசை விட்டுட்டாலும் துணிக்குத் தெரியாது. தீர்ந்த பிறகு முடிச்சுப் போட்டியோ, அந்த இடம் எப்பவும் விரல்ல இடறிட்டே இருக்கும்."

பச்சையைப் பச்சையோடும் மஞ்சளை மஞ்சளோடும் சுற்றினாள். பெட்டிகளை மூடி அதே நிறத்தால் திரும்பக் கட்டினாள். டம்ளர்களைக் கழுவித் துடைத்து யானைகளுக்கு நடுவே வைத்தாள். பேப்பரில் சுற்றவில்லை. டிக் சத்தம் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருந்தது; பெட்டிகள் அது அது இடத்துக்குப் போனால் அதுவும் வெளியே வரும் என்று தேடாமல் விட்டாள்.

காலையில் லாரி வந்தது. மகன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை..."

"உன் வீட்டுக்கு வராம எங்கடா போவேன்? வரேன். வந்து இருந்துட்டுத் திரும்பி வரேன்." குனிந்தபடியே சொன்னாள். "முதல்ல இதையெல்லாம் அது அது இடத்துல வைக்கணும்."

அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெட்டியைத் தூக்கினான்.

புது வீட்டில் எதுவும் இல்லை. சுவர்களில் ஆணிகூட இல்லை. பேசினால் குரல் திரும்பி வந்தது. லாரிக்காரரும் மகனும் பெட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் நின்று நின்று கேட்டார்கள்.

"இது எங்கம்மா?"

"மஞ்சள்தானே? ஜன்னல் ரூம். அலமாரி மூலையில வேண்டாம், கதவு இடிக்கும்."

"இது?"

"பச்சை. சமையலறை."

"இது என்னம்மா, தலைகாணி மாதிரி லேசா இருக்கு?"

"கண்ணாடி" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, "மூட்டைதான், கொண்டு வாங்க" என்றாள்.

அவர்கள் அடுத்த நடைக்குப் போனபோது வீடு அமைதியானது. நீலப் பெட்டிகளோடு தன் அறையில் நின்றிருந்த பாப்பாவுக்கு அது கேட்டது. வெற்றுச் சுவர்களுக்கு நடுவே, மிகத் தெளிவாக. டம்ளர் தேவைப்படவில்லை.

நீல நூலை அறுத்தாள். மேலே அவள் சுற்றிய பேப்பர் கட்டுகள் வரிசையாக இருந்தன. நடுவிலிருந்த ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அண்ணி ஒரு கம்பளி உருண்டையைத் திணித்திருந்தாள். பிரித்தாள். நூல் வந்துகொண்டே இருந்தது. நீலம் முடிந்து வெள்ளை, வெள்ளை முடிந்து சாம்பல். எங்கே மாறியது என்று விரலுக்குத் தெரியவில்லை.

கடிகாரம் உள்ளங்கைக்குள் வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஓட்டம் தளர்ந்திருந்தது. ஒரு டிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே யோசித்தது. அவள் அதைத் திருப்பி, ஓட்டத்துச் சாவியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்தாள். அடுத்த டிக் வரும்வரை காத்திருந்தாள். வந்தது. கிறீச். இன்னொரு டிக். கிறீச். நிறுத்தாமல், இறுகும்வரை திருகினாள்.

"அம்மா, இதுல நூல் ஒண்ணும் கட்டலையே. இது எங்க வைக்க?"

லாரிக்காரர் வாசலில் நின்றிருந்தார். அவரும் மகனுமாகக் கட்டிலைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். மகன் அவளைப் பார்க்காமல் கட்டிலின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருங்க" என்றாள் பாப்பா.

ஜன்னல் அறைக்குப் போனாள். வெயில் வந்திருந்தது, அவள் சொல்லியிருந்த இடத்திலேயே. ஒரு பெட்டியிலிருந்து மஞ்சள் நூலை ஒரு முழம் இழுத்துப் பல்லால் அறுத்தாள். திரும்பி வந்து, வாசலில் மண்டியிட்டு, கட்டிலின் காலில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டினாள்.

"இப்ப கொண்டு வாங்க."